கருத்தடைக்குப் பிறந்த மாத்திரை

1971 ஜூலை. மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி எர்ணாகுளம் கரையில் இறங்கினால், டவுன் ஹாலைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். இரண்டு ஊரும் ஒரே கார்ப்பரேஷனாகி நாலு வருஷம்கூட ஆகாத நேரம். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அதுவும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு! கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய அந்த ஒரு மாத முகாமில் 63,418 பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அதில் பெண்கள் வெறும் 505 பேர். ரொக்கம், துணிமணி, அரிசி என்று கொடுத்து அனுப்பினார்கள். நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயத்துக்கு முந்தைய கதை இது.

புற்றுநோய்த் தொடரில் இது எதற்கு என்று கேட்பீர்கள். ஜனத்தொகை பற்றி அன்று உலகம் முழுக்க இருந்த பயம்தான், மார்பகப் புற்றுநோய்க்கு இன்று கோடிக்கணக்கில் விற்கும் மாத்திரையையும் பெற்றெடுத்தது.

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். கருத்தரிப்பைத் தடுக்கும் மருந்து தேடிய ஆர்தர் வால்போல் குழுவுக்காக, 1962-இல் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் ஒரு பொருளைத் தயாரித்தார். எண் 46,474. அதில் ஒரு விசித்திரம். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஆனால் மூலக்கூறின் ஒரு பக்கத்தை மாற்றி அமைத்தால் வேலையே தலைகீழ். ஒரு வடிவம் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், மற்றது ஈஸ்ட்ரோஜனாகவே நடிக்கும். இரண்டையும் பிரித்தெடுத்து, எது எது என்று சரியாகச் சொல்வதே பெரும்பாடு.

எலிகளுக்குக் கொடுத்தால் கரு தங்கவில்லை. சரி என்று பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தால், கருமுட்டை கூடுதலாக வெளியேறியது! கருத்தடை மருந்தாக அதன் கதை அங்கேயே முடிந்தது.

வால்போலுக்குப் புற்றுநோயிலும் அக்கறை உண்டு. சினைப்பையை அகற்றினால் சில பெண்களின் மார்பகக் கட்டி சுருங்குகிறது என்று 1896-இலேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் எழுதிவைத்திருந்தார். கத்தி செய்ததை மாத்திரை செய்யாதா? மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல், முற்றிய நோயாளிகள் 46 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. அந்த அறிக்கை வெளியானதும் 1971, எர்ணாகுளம் முகாம் நடந்த அதே வருஷம். 1973-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதுதான் டாமாக்ஸிஃபென்.

அது செய்யும் வேலை, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான். மார்பகப் புற்றுச் செல்கள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜனுக்கென்று ஒரு புரதம், ஓர் ஏற்பி, இருக்கிறது. ஹார்மோன் அதில் வந்து உட்கார்ந்ததும் ஏற்பி வடிவம் மாறி, டி.என்.ஏ.வில் ஒட்டி, செல் பிரிவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும். டாமாக்ஸிஃபென் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், ஏற்பியின் ஒரு நுனி மடங்கவேண்டிய விதத்தில் மடங்குவதில்லை. துணைப் புரதங்கள் வந்து சேர இடமில்லை. டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் கட்டத்துக்குப் போகாமலே செல் நின்றுவிடுகிறது. கவனியுங்கள்: சாவதைவிட நிற்பதுதான் அதிகம். அதனால்தான் தினம் 20 மில்லிகிராம் என்று ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம்கூட விழுங்கச் சொல்கிறார்கள். ஏற்பியே இல்லாத கட்டிக்கு இதனால் பலனில்லை. முதலில் திசுவைப் பரிசோதிப்பது அதற்காகத்தான்.

எல்லா உறுப்பிலும் இது எதிரியும் அல்ல. மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்புக்கு ஈஸ்ட்ரோஜன் போலவே நல்லது செய்யும். கருப்பையிலும் அப்படியே நடந்துகொள்வதால் அங்கே புற்று வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு.

நம் நாட்டிலும் ஒரு பங்காளி மருந்து பிறந்தது. லக்னோவில் சத்தர் மன்ஸில் அரண்மனையில் இயங்கிய மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில், நித்யா ஆனந்த் குழு கண்ட சென்ட்குரோமன். 1991-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் அதை ‘சஹேலி’ என்ற கருத்தடை மாத்திரையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. 2016-இல் ‘சாயா’ என்ற பெயரில் அரசுத் திட்டத்திலும் சேர்ந்தது. இதுவும் அதே ஏற்பியில்தான் போய் உட்காரும். முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கும் 1980-களில் நம் நோயாளிகளிடம் சோதித்தார்கள், பலனும் கண்டார்கள். இருந்தும் கருத்தடை மாத்திரையாகவே நின்றுபோனது. வால்போல் போல விடாப்பிடியாக ஒருவர் நமக்கும் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்தான்.

டாமாக்ஸிஃபெனுக்கும் காலக்கெடு இருக்கிறது. பல வருஷம் அடங்கிக் கிடந்த செல்களில் சில, தடுக்க வந்த மருந்தையே ஈஸ்ட்ரோஜனாக எடுத்துக்கொண்டு வளரத் தொடங்கிவிடும். அப்போது ஏற்பியை விட்டுவிட்டு, உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாகும் வழியையே அடைத்தார்கள். அந்த மருந்துகளின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)