மதுரைக்கு வராத வழி

203.0.113.0/24 என்பது 256 இணைய முகவரிகள் கொண்ட ஒரு தொகுப்பு. கையேடுகளில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிவைத்தது; நிஜ இணையத்தில் இதற்கு வீடு வாசல் கிடையாது. ஆகவே இதன் பெயரில் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இந்த முகவரிகள் சிங்கப்பூரில் இருக்கும் சில சர்வர்களுக்கு உரியவை என்று வைத்துக்கொள்வோம்.

“இந்த முகவரிகளுக்குப் போக வேண்டுமா? என் வழியாக வாருங்கள்” என்ற அறிவிப்பாகத்தான் ஒரு ரூட் பிறக்கிறது. அறிவிப்பின் மொழி பி.ஜி.பி. 1989 ஜனவரியில், டெக்சாஸின் ஆஸ்டினில் நடந்த ஒரு கூட்டத்தின் உணவு இடைவேளையில், கிர்க் லோஹீடும் யாகோவ் ரெக்டரும் கை துடைக்கும் தாள்களில் கிறுக்கியதிலிருந்து கிளம்பிய நெறிமுறை அது. அதன் நான்காம் பதிப்பை நம்பித்தான் இன்றும் உலக இணையம் ஓடுகிறது.

சிங்கப்பூர் அறிவிப்பு, இந்தியாவில் ஒரு நிறுவனத்தின் வலைக்குள் சென்னை, மும்பை என்று இரண்டு வாசல்களில் நுழைகிறது. இரண்டுமே கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர்கள். சென்னையில் நுழைந்த ரூட்தான் நம் கதாநாயகன்.

டேட்டாவுக்கு வழி சொல்லும் கருவியான சென்னை எல்லை ரவுட்டர் அதை ஏற இறங்கப் பார்க்கிறது. நிறுவனம் தரும் முன்னுரிமை எண், வழியில் எத்தனை வலைகளைக் கடக்க வேண்டும் என்ற கணக்கு, பக்கத்து நிறுவனம் சொல்லியனுப்பும் ‘மெட்’ என்ற விருப்ப எண் எல்லாவற்றிலும் சென்னை ரூட்டும் மும்பை ரூட்டும் சமம். ஆனால் வெளியிலிருந்து நேரடியாக வந்தது, உள்ளிருந்து கேட்டதைவிட உசத்தி. சென்னையில் நம் ஆள் ஜெயித்துவிடுகிறான். இனி வலைக்குள் இருக்கும் மற்ற ரவுட்டர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் ஒரு பழைய சட்டம் குறுக்கே நிற்கிறது: உள்ளே ஒருவரிடம் கேட்டதை உள்ளேயே இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. காரணம் இருக்கிறது. ரூட் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் எண்ணை அதில் குறிக்கிறது. தன் எண்ணே திரும்பி வந்தால் ‘சுற்றிக்கொண்டு வருகிறது’ என்று தெரிந்து தூக்கிப் போட்டுவிடலாம். ஒரே நிறுவனத்துக்குள் அப்படி எந்தக் குறியும் விழுவதில்லை. ஆகவே எல்லோரும் எல்லோரிடமும் நேரடியாகப் பேச வேண்டும். நூறு ரவுட்டர் இருந்தால் 4,950 இணைப்புகள். ஒன்று புதிதாக வந்தால் பழைய நூறிலும் கை வைக்க வேண்டும்.

இதற்கு 1996 ஜூனில், இணைய நெறிமுறைகளைப் பதிவு செய்யும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களில், இரண்டு மருந்துகள் அடுத்தடுத்த எண்களில் வெளிவந்தன. ஆர்.எஃப்.சி. 1965, பெரிய வலையைச் சிறு சிறு வலைகளாகக் கூறு போடச் சொன்னது. டோனி பேட்ஸும் ரவி சந்திராவும் எழுதிய 1966, ரூட் ரிஃப்ளெக்டர் என்ற ஒன்றை நடுவில் உட்காரவைத்தது. மற்றவர்கள் அதனிடம் மட்டும் பேசினால் போதும். கேட்டதை அது மறுபடி சொல்லும். சுற்றலைத் தடுக்க, முதலில் சொன்னவர் யார், எந்தெந்த ரிஃப்ளெக்டரைத் தாண்டி வந்தது என்ற இரண்டு குறிப்புகளும் ரூட்டோடு ஒட்டிக்கொண்டு போகும். எளிமையான இந்த மருந்துதான் பரவலாகப் பிடித்துக்கொண்டது.

நம் நிறுவனத்தின் ரிஃப்ளெக்டர் மும்பையில் இருக்கிறது. சென்னை ரூட் அங்கே போய்ச் சேர்கிறது. மும்பை ரூட்டும் வருகிறது. இரண்டுமே இப்போது உள்ளிருந்து கேட்டவை, எல்லாவற்றிலும் சமம். அடுத்த கேள்வி, எந்த வாசல் பக்கம் என்பது. யாருக்குப் பக்கம்? கேட்பவருக்கு, அதாவது ரிஃப்ளெக்டருக்கு. மும்பையிலிருந்து பார்த்தால் மும்பை வாசல்தான் பக்கம். கல்யாணத் தரகர் பையில் பத்து ஜாதகம் வைத்துக்கொண்டு தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் நீட்டுவதுபோல, ரிஃப்ளெக்டர் மும்பை ரூட்டை மட்டும் எல்லோருக்கும் அனுப்புகிறது. சென்னை ரூட் அதன் நினைவகத்திலேயே தங்கிவிடுகிறது.

மதுரையில் இருக்கும் ரவுட்டருக்குச் சென்னை வாசல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மதுரைக்காரர் சிங்கப்பூர் சர்வரில் ஒரு பக்கத்தைத் திறந்தால், டேட்டா வடக்கே ஏறி மும்பைக்குப் போய், அங்கே கடலில் இறங்கி, மறுபடி தெற்கே வந்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போகும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் ஓடும். சுற்றுக்கு விலை உண்டு. எந்தக் கேபிளும் அறுபடவில்லை, எந்த விளக்கும் சிவப்பாக எரியவில்லை. அதனால்தான் இதைப் பிடிப்பது கஷ்டம்.

சில சமயம் அதிர்ஷ்டம் கைகொடுக்கும். மும்பைக்குப் போகும் பாதை சென்னை எல்லை ரவுட்டர் வழியாக அமைந்திருந்தால், அது தன் சொந்த முடிவின்படி டேட்டாவைச் சென்னையிலேயே வெளியே அனுப்பிவிடும். நடு ரவுட்டர்கள் முகவரியைப் பார்க்காமல் லேபிளை மட்டும் பார்த்துக் கடத்தும் எம்.பி.எல்.எஸ். முறையில் அனுப்பினால் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. துரதிர்ஷ்டமும் உண்டு: இரண்டு ரவுட்டர்கள் வெவ்வேறு ரிஃப்ளெக்டரின் பேச்சைக் கேட்டு, ஒவ்வொன்றும் தன் வாசலுக்கு மற்றதன் வழியே போக நினைத்தால், டேட்டா இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றியே செத்துப்போகும். ரிஃப்ளெக்டர்களைக் கேபிள் ஓடும் அமைப்பை ஒட்டியே வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இதைவிட விசித்திரமானதை ஆர்.எஃப்.சி. 3345 என்ற ஆவணம் 2002இல் பதிவு செய்தது. ‘மெட்’ எண்ணை ஒரே பக்கத்து நிறுவனத்திலிருந்து வந்த ரூட்டுகளுக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும். அதனால் மூன்றாவதாக ஒரு ரூட் வந்து சேர்ந்தால், முந்தைய இரண்டில் எது மேல் என்பதே மாறிப்போகலாம். ஆளுக்குப் பாதித் தகவல் மட்டும் வைத்திருக்கும் ரிஃப்ளெக்டர்கள் இதில் மாட்டிக்கொண்டு, ஒன்றன் முடிவால் மற்றது மாறி, முடிவே இல்லாமல் தடுமாறிக்கொண்டிருக்கும்.

மதுரையின் சிக்கலுக்கு, சென்னையிலும் ஒரு ரிஃப்ளெக்டர் வைத்து மதுரையை அதனோடு சேர்ப்பது பழைய வைத்தியம். என் பார்வையில் இன்றும் நல்ல வைத்தியம். 2016இல் வந்த ஆட்-பாத் என்ற பி.ஜி.பி. நீட்டிப்பு, ஒரே முகவரித் தொகுப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரூட்டுகளை அனுப்ப அனுமதித்தது. ஆனால் ஐ.பி.வி.4 என்ற முகவரி வகைக்கான ரூட்டுகள் மட்டுமே 9 லட்சத்தைத் தாண்டிய காலத்தில், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி என்றால் சின்ன ரவுட்டருக்கு மூச்சு வாங்கும். 2021 ஆகஸ்டில் வந்த ஆர்.எஃப்.சி. 9107 நேராக விஷயத்துக்கு வருகிறது: ரிஃப்ளெக்டர் தூரத்தைத் தன் இடத்திலிருந்து அளக்காமல், கேட்பவரின் இடத்திலிருந்து அளக்கட்டும். ரிஃப்ளெக்டர் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் வெறும் சாஃப்ட்வேராக, டேட்டா போகும் வழியிலேயே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் இந்தக் காலத்தில், அது தன் இடத்திலிருந்து அளப்பதற்கு என்ன அர்த்தம்?

நம் நிறுவனம் 9107 சொன்ன முறையை இயக்குகிறது. மும்பை ரிஃப்ளெக்டர் வரைபடத்தில் மதுரையைப் புள்ளியாக வைத்துக் கணக்குப் போட்டு, சென்னை ரூட்டை அங்கே அனுப்புகிறது. புதிய அறிவிப்பு பழையதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தனியாக நீக்கச் சொல்ல வேண்டியதில்லை. புனேவுக்கு வழக்கம்போல மும்பை ரூட்தான்.

பிறகு ஒரு நாள் சென்னைக் கடலில் கேபிள் அறுகிறது. சென்னை ரவுட்டர் தன் அறிவிப்பைத் திரும்பப் பெறுகிறது. ரிஃப்ளெக்டர் மறுபடி கணக்குப் போட்டு மும்பை ரூட்டை அனுப்பும்வரை மதுரைக்கு மாற்று வழி கைவசம் இல்லை. ஆட்-பாத்தும் சேர்த்து வைத்திருந்தால் அது ஏற்கெனவே அங்கே இருந்திருக்கும்.