செம்மரத்தில் இளமையின் ரகசியமா? டெரோஸ்டில்பீன் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

சென்னையிலிருந்து தடா அருவிக்கு வீக்கெண்ட் ட்ரிப் போயிருந்தால், வரதய்யபாளையம் உங்களுக்குத் தெரிந்த ஊராக இருக்கும். அங்கிருந்து மேற்கே திருப்பதியைத் தாண்டினால் சேஷாசலம் மலை, செம்மரக் காடு. செம்மரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடத்தலும், 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர போலீஸ் சுட்டதில் இறந்த 20 தமிழர்களும்தான். ஆனால், 'ஆன்டி ஏஜிங்' கேப்ஸ்யூல் விற்கும் நிறுவனங்களுக்கு இந்த மரத்தோடு வேறொரு தொடர்பு உண்டு.

அந்தக் கேப்ஸ்யூல்கள் சிலவற்றின் லேபிளில் டெரோஸ்டில்பீன் என்று ஒரு பெயர் இருக்கும். செம்மரக் கட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வேதிப்பொருள் இது. அதன் அமைப்பை 1940இல் வெளியிட்டவர்களில் ஒருவர் வியன்னா வேதியியலாளர் எர்ன்ஸ்ட் ஷ்பேட். செம்மர இனத்தின் அறிவியல் பெயரான டெரோகார்பஸிலிருந்தே இந்தப் பெயரும் வந்தது. வேங்கை மரத்திலும், ப்ளூபெர்ரியிலும்கூட இது உண்டு. பூஞ்சையை விரட்டத் தாவரங்கள் இதுபோன்ற பொருட்களைத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன. (செம்மரத்தின் சிவப்புக்குக் காரணம் இதுவல்ல, சான்டலின் என்ற வேறொரு நிறமி.)

சரி, பூஞ்சையை விரட்டும் பொருளுக்கும் நம் முதுமைக்கும் என்ன சம்பந்தம்?

வயது ஏற ஏற, சில செல்கள் பிரிவதை நிறுத்திவிடும். ஆனால் சாகாது. அங்கேயே இருந்துகொண்டு, சுற்றியுள்ள செல்களில் அழற்சியைத் தூண்டும். செல்லுக்குள் என்.ஏ.டி. என்ற மூலக்கூறின் அளவும் குறையும். டி.என்.ஏ. பழுதுபார்ப்பில் பங்குள்ள சர்டுயின் என்ற நொதிகளுக்கு இந்த என்.ஏ.டி. கட்டாயம் வேண்டும்.

திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் இந்த சர்டுயினைத் தூண்டி ஈஸ்டின் ஆயுளைக் கூட்டுகிறது என்று 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. அதை நம்பி 2008இல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் சுமார் 72 கோடி டாலர் கொடுத்து சர்ட்ரிஸ் நிறுவனத்தை வாங்கியது. ரெஸ்வெரட்ரால் மருந்தை உருவாக்கும் பணி 2010இலேயே நின்றுபோனது. சாதாரண உணவு சாப்பிட்ட எலிகளின் ஆயுளையும் அது கூட்டவில்லை.

டெரோஸ்டில்பீன் இந்த ரெஸ்வெரட்ராலின் நெருங்கிய உறவு. ஒரு முக்கிய வித்தியாசம், உடம்பு இதை நன்றாக உறிஞ்சும். எலிகளில் செய்த ஓர் ஆய்வில் ரெஸ்வெரட்ரால் சுமார் 20 சதவீதமே ரத்தத்தில் சேர, இது சுமார் 80 சதவீதம் சேர்ந்தது. 'அதைவிட நான்கு மடங்கு பவர்' என்ற விளம்பரம் பிறப்பது இப்படித்தான். ரத்தத்தில் சேர்வது வேறு, வேலை செய்வது வேறு.

மனிதர்களிடம் என்ன நடந்தது? அமெரிக்காவில் கொலஸ்ட்ரால் அதிகமுள்ள 80 பேரிடம் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் இரு வேளை 125 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. கூடவே எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், ஏறியது. 2017இல் வெளியான இன்னொரு சோதனையில் 60 முதல் 80 வயது வரையுள்ள 120 பேர். டெரோஸ்டில்பீனோடு, வைட்டமின் பி3 வகையான நிகோடினமைட் ரைபோசைடும் கொடுத்தார்கள். என்.ஏ.டி. சுமார் 40 சதவீதம் கூடியது. அந்த வைட்டமினே என்.ஏ.டி.க்கு மூலப்பொருள் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. இங்கேயும் எல்.டி.எல். கூடியது. ஆய்வுக்குப் பின்னால் இருந்தது அந்த மாத்திரையை விற்கும் நிறுவனமே. சோதனை நடந்தது 8 வாரம் மட்டும். முதுமை தள்ளிப்போனதா என்பதை 8 வாரத்தில் அளக்க முடியாது.

அப்போ, கேப்ஸ்யூலுக்காகத்தான் மரம் வெட்டுகிறார்களா? இல்லை. விற்பனைக்கு வரும் டெரோஸ்டில்பீன் பெரும்பாலும் தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாராவது. கடத்தப்படும் கட்டை முக்கியமாகப் போவது சீனாவின் மரச்சாமான் சந்தைக்கு. ஜப்பானில் இசைக்கருவி செய்யவும் பயன்படுகிறது.

வீட்டில் வேங்கை மர டம்ளர் இருக்கிறதா? டெரோஸ்டில்பீன் தண்ணீரில் சரியாகக் கரையாது. ராத்திரி ஊறவைத்துக் குடிக்கும் தண்ணீரில் மாத்திரை அளவுக்கு அது இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேப்ஸ்யூல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், முதலில் எல்.டி.எல். டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள்.