குறுக்கிடும் உரிமை

1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது. பின்னர் பிரிக்பீல்ட்சில் இருப்புப்பாதை ஊழியர் குடியிருப்புகள் பெருகின. தமிழகத்துத் தொழிலாளர் தண்டவாளம் அமைத்தனர்; யாழ்ப்பாணத்தவர் பலர் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றினர். தண்டவாளத்தின் கதையைப் பேசும் நாம், இருப்புப்பாதைகளின் உற்ற துணையாய் விளங்கிய தந்திக் கம்பியை ஏனோ மறந்துவிடுகிறோம்.

தந்திப் பணியாளர் யாவரும் எதிர்நோக்கிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. அனுப்புவோன் விரைந்து அனுப்புகிறான். பெறுவோன் ஒரு சொல்லைத் தவறவிடுகிறான். 'நிறுத்துக' என்று அவன் எங்ஙனம் சொல்வான்? மோர்சு 1844இல் தொடங்கிவைத்த அமெரிக்கத் தந்திமுறையில் இதற்கு எளிய விடை கண்டனர். அங்கே கம்பியில் மின்னோட்டம் ஓய்வு நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். பெறுவோன் தன் சாவியைத் திறந்தால் ஓட்டம் அறுபடும்; அனுப்புவோனின் கருவியும் ஊமையாகும். அவன் உடனே கைநிறுத்திச் செவிமடுப்பான். இதற்கே 'பிரேக்', அதாவது முறிப்பு, என்று பெயர்.

பின்வந்த தொலையச்சுப் பொறியிலும் இம்முறை நிலைத்தது. டெலக்ஸ் கம்பியில் ஓர் எழுத்து 150 மில்லிவினாடியில் முடிந்துவிடும்; எழுத்து முடிந்ததும் கம்பி தன் இயல்பு நிலைக்கு மீண்டே தீரும். அந்நேரம் கடந்தும் மீளாவிடில், அஃது எழுத்தன்று, முறிப்பு. இன்று கணினியோடு பிற கருவிகளை இணைக்கும் தொடர்வரிசைத் தடத்திலும் இதே விதிதான். கடவுச்சொல் மறந்துபோன சில பிணையக் கருவிகளை, அவை இயங்கத் தொடங்கும் வேளையில் இக்குறியால் நிறுத்தியே வல்லுநர் சீர்செய்கின்றனர்.

மலேசியாவில் தந்திச் சேவை 2012இல் முடிவுற்றது. அது விட்டுச்சென்ற பாடம் முடியவில்லை. எழுத்துகளால் சொல்ல இயலாததை ஓர் இடைவெளி சொல்லிற்று. அதனைச் சொல்லும் உரிமை கேட்போனிடமும் இருந்தது.

மாணவர் தலையாட்டுவதைத் தெளிவென்று எண்ணிப் பாடத்தை ஓட்டிச் சென்ற நாள்கள் என் ஆசிரியப் பணியில் உண்டு. 'ஐயா, புரியவில்லை' என்று கையுயர்த்திய சிறுவனைக் குறுக்கீடென்று கடிந்ததும் உண்டு. தந்திப் பணியாளன் அவ்வாறு கடிந்திருந்தால் செய்தியன்றோ பிழைபட்டிருக்கும்! கேட்போன் நிறுத்தச் சொன்னால் நிற்பதே சொல்வோனுக்கு அழகு. இதை நான் கற்றது காலம் கடந்துதான். இளம் ஆசிரியர்களேனும் முதல் நாளிலேயே கற்பாராக.