ஓடும் கொம்பும்: வேட்டைச் சின்னம் ஒன்றன் வரலாறு

நீலகிரியின் பழைய மாளிகைகளிலும் மன்றங்களிலும் சுவரேறி நிற்கும் கடமான் தலைகள் இரு வகையின. தோல் போர்த்துக் கண்ணாடிக் கண் பதித்துப் பாடம் செய்யப்பட்டவை ஒரு வகை. மரப்பலகையில் வெறும் மண்டை ஓடும் கொம்புமாக அறையப்பட்டவை மற்றொரு வகை. முன்னதைப் பற்றி எழுதியோர் உளர். மைசூரில் 1900ஆம் ஆண்டளவில் தொடங்கி 1999இல் மூடப்பட்ட வான் இங்கன் நிறுவனத்தின் வரலாறு தனி நூலாகவே வெளிவந்துள்ளது. பின்னதைப் பேசுவோர் குறைவு. ஆயினும் வரலாற்றுக்கு உதவக்கூடியது அவ்வெற்று ஓடே என்பது என் துணிபு. பாடம் செய்த தலையில் நாம் காண்பது பெரும்பாலும் கைவினைஞனின் கற்பனை. ஓட்டில் காண்பது விலங்கு.

முதற்கண் சொல் பற்றிச் சிறிது கூற வேண்டும். தமிழில் மாட்டுக்கும் மானுக்கும் கொம்பு என்னும் ஒரே சொல் வழங்குகிறது. மாடு, ஆடு, புல்வாய் எனப்பட்ட வெளிமான் ஆகியவற்றின் கொம்பு, எலும்பின் மேல் ஏறிய உறை. அது வாழ்நாள் முழுதும் உதிராது. கடமானுக்கும் புள்ளிமானுக்கும் உள்ளதோ முழுவதும் எலும்பே. மெல்லிய மயிர்த்தோல் போர்த்து வளர்ந்து, தோல் உரிந்து, பின் உதிர்ந்து, மீண்டும் முளைப்பது. தொல்காப்பிய மரபியல் இரலை, கலை ஆகிய பெயர்களைப் புல்வாய்க்கு உரியனவாக்கி, கலை என்பதை உழைக்கும் உரித்தாக்குகிறது. விலங்கைப் பெயரால் அத்துணை நுட்பமாகப் பகுத்த மரபில் கொம்பு மட்டும் பகுக்கப்படாமல் நின்றது வியப்பே. இக்கட்டுரையில் உதிரும் கொம்பைக் கவைக்கொம்பு என்றே வழங்குகிறேன்.

இவ்வேறுபாடு ஓட்டைத் தூய்மை செய்யும் இடத்தில் உடனே புலப்படும். வெளிமான் தலையை நீரில் ஊறவைத்தால் சில நாளில் உறை கழன்று கையோடு வந்துவிடும். கடமானின் கவைக்கொம்பு கழலாது. ஆனால் அதன் பழுப்பு நிறம் போய்விடும். அந்நிறம் பிறவியில் வந்ததன்று. மரத்திலும் புதரிலும் உராய்ந்து, பட்டைச் சாறு ஊறி ஏறியது. எனவே மண்டை மூழ்கவும் கொம்படி வளையம் நீருக்கு மேலே நிற்கவும் தலையைத் தலைகீழாக்காது நிறுத்துவர். மிகுந்த தசையை முன்னரே அரிந்து, மூளையைக் கழுவி நீக்கிய பின், மீந்ததை நீரில் பெருகும் நுண்ணுயிர்கள் கரைக்கின்றன. வெப்பமான நாட்டில் சில வாரங்கள் போதும். நாற்றம் மட்டும் தாங்க ஒண்ணாது. ஊருக்கு அப்பால் செய்யும் வேலை இது.

எறும்புப் புற்றருகே வைத்து விடுவது இன்னொரு வழி. நாயும் நரியும் இழுத்துச் செல்லாதபடி கூடை கவிழ்த்துக் கல் ஏற்ற வேண்டும். முள்ளம்பன்றிக்கு இன்னும் அஞ்ச வேண்டும். அது கவைக்கொம்பையே கொறித்துத் தின்னும். காட்டில் உதிரும் கொம்புகள் குவியாமைக்கு அதுவும் ஒரு காரணம். மண்ணில் புதைப்போரும் உண்டு. அதில் எலும்பு கறைபடும், பற்கள் உதிர்ந்து மண்ணோடு போகும்.

இவை யாவும் காலம் கேட்பவை. அவசரக்காரன் கொதிக்க வைப்பான். நெடுநேரம் கொதித்தால் கொழுப்பு எலும்பினுள் ஏறி, ஆண்டுகள் கழித்தும் மஞ்சளாக வெளிப்படும், எலும்புப் பொருத்துகள் நெகிழும், பற்கள் வெடிக்கும், மூக்கினுள் சுருண்டிருக்கும் தாள் போன்ற எலும்புகள் சிதையும். வெளுப்புத் தூள் இட்டால் எலும்பே அரிக்கப்பட்டுப் பொடியும். சவர்க்கார நீரில் கொழுப்பு நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுப்பதே எலும்புக்கு ஊறு செய்யாத முறை.

இத்துணைப் பொறுமை எதற்காக? ஐரோப்பிய அரண்மனைகள் அதனை வேண்டவில்லை. சாக்சனி நாட்டு மோரிட்ஸ்பர்க் கோட்டையில் கவைக்கொம்புகள் செதுக்கிய மரத்தலைகளில் பொருத்தப்பட்டிருக்கின்றன. 1696இல் பிராண்டன்பர்க் தேர்வுக் கோமகன் வீழ்த்திய 66 கவைக் கொம்பு அங்குள்ளது. அவர்கள் கண்ணுக்குக் கொம்பே பொருள். ஓடு வேண்டாப் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அளவு வந்தது. இலண்டன் ரோலண்ட் வார்ட் 1892இல் உலகின் பெருவிலங்குகளின் கொம்பளவுகளைத் தொகுத்து நூலாக்கினார். அதன் பின் இந்தியக் காடுகளில் சுட்டவர்கள் அங்குலக் கணக்கிலேயே பெருமை தேடினர்.

ஓட்டுக்கு மதிப்பு ஏற்றியது அருங்காட்சியகம். அங்கே தோல்வண்டின் கதை சுவையானது. உலர்ந்த தசையைத் தின்னும் இவ்வண்டு, பாடம் செய்த தலைகளுக்குக் கொடிய பகை. அதற்கு அஞ்சியே பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பெக்கர் பாஷாணம் கலந்த சவர்க்காரத்தை வகுத்தார். அதே வண்டை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் பெட்டியில் வளர்த்து வேலைக்கு வைத்தனர். 1933இல் ஹாலும் ரசலும் அம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். மெல்லிய எலும்பு ஒன்றும் முறியாமல் அவ்வண்டு தின்று தீர்க்கும். ஒரு கூடத்தில் நஞ்சிட்டுக் கொல்லப்படுவது அடுத்த கூடத்தில் உணவிட்டு வளர்க்கப்படுகிறது!

நம் மண்ணில் 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு வரம்பு கட்டிற்று. 1911இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கிய பாலூட்டிகள் கணக்கெடுப்பு, தோலும் ஓடும் இடம், நாள் குறித்த சீட்டோடு வரவேண்டும் என்ற ஒழுங்கை நிறுவிற்று. வேட்டைக்காரரின் சுவருக்கு அவ்வொழுங்கு அரிதாகவே எட்டியது. பலகையில் அவர் பெயர் இருக்கும், அங்குலம் இருக்கும். மான் எந்தச் சோலையில் நின்றது என்பது இராது. கீழ்த்தாடையோ பெரும்பாலும் தொடக்கத்திலேயே எறியப்பட்டது. மானின் வயதைக் கூறுவது அத்தாடையின் பல் தேய்வே. 1934இல் ஜெர்மனியில் நாஜி அரசு இயற்றிய வேட்டைச் சட்டத்தை நாம் போற்ற வேண்டுவதில்லை. எனினும் அங்கு வழக்கான கட்டாயக் கொம்புக் காட்சியில், வயதறியும் பொருட்டுக் கீழ்த்தாடையும் கூடவே வைக்கப்பட்டது.

தசை அரிந்த கையின் பெயரும் பலகையில் இல்லை. துரை சுட்டார், உரித்தவர், ஊறவைத்தவர், நாற்றத்தருகே வாரக்கணக்கில் காவலிருந்தவர் வேறு ஆட்கள். துப்பாக்கியின் விட்டத்தைத் தவறாது குறித்த வேட்டை நினைவு நூல்கள் இவர்களை ‘ஆட்கள்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. ஓர் ஓட்டில் மூக்கெலும்பு முறியாமலும் பல்வரிசை குலையாமலும் இருந்தால், அது அவர்தம் பொறுமை விட்டுச் சென்ற ஒரே கையெழுத்து.

1972ஆம் ஆண்டுச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையை முடித்து வைத்தன. புதிய ஓடுகள் இனிச் சுவரேறா. பழையவை மூலைக்கும் பரணுக்கும் செல்கின்றன. அவற்றை மெருகெண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவதைக் காட்டிலும், எவ்வூர்க் காடு, எவ்வாண்டு, யார் உரித்தது என வீட்டு முதியோர் நினைவில் எஞ்சியிருப்பதை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிக் கொம்படியில் நூலால் கட்டி வைக்கலாம். மையினால் எழுதினால் ஈரத்தில் பரந்துவிடும்.