இஸ்பஹான் ஓவியர் தமக்கென வரைந்தவை

பாரசீகச் சிற்றோவியம் என்றதும் மன்னர்களின் நூலகமும் தங்க வேலைப்பாடும் ஷாஹ்நாமாவின் போர்க்களங்களுமே நம் நினைவில் எழுகின்றன. ஊதியம் பெற்று அரசவைக்கென உழைத்த அந்தக் கைகள், ஓய்ந்த வேளைகளில் யாருக்காக எதை வரைந்தன என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஸஃபவிகளின் தலைநகரான இஸ்பஹானில் வாழ்ந்த முயீன் முஸவ்விர் அக்கேள்விக்கு விடை தருகிறார். தாம் வரைந்த தாளிலேயே நாளையும் காரணத்தையும் எழுதிவைக்கும் நல்வழக்கம் அவரிடம் இருந்தது.

அவ்வழக்கம் அவருடைய உஸ்தாது ரிஸா அப்பாஸியிடமும் இருந்ததே. ஹிஜ்ரி 1007 (கி.பி. 1598) முஹர்ரமில் மஷ்ஹத் நகரில் ஒரு யாத்திரிகரை வரைந்த ரிஸா, அதனை நண்பர் ஒருவருக்கென வரைந்ததாகக் குறித்துள்ளார். முதலாம் ஷா அப்பாஸின் அவையில் இத்துணைப் புகழ்பெற்றவர் மல்லர்களோடு கூடித் திரிகிறாரே என்று அவை வரலாற்றாசிரியர் இஸ்கந்தர் பேக் முன்ஷி குறைபட்டுக்கொண்டார். அரண்மனைக்கு வெளியேயுள்ள மனிதரைக் காணும் கண்ணை அந்தப் பழக்கமே அவருக்குத் தந்திருக்கும் என எண்ணத் தோன்றுகிறது.

ஹிஜ்ரி 1044 (1635) ஷவ்வால் மாதத்தில் முயீன் தம் உஸ்தாதை வரையத் தொடங்கினார். மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர், மடியில் தாளை வைத்துக்கொண்டு ஐரோப்பிய உடை தரித்த ஒருவரைத் தீட்டுகிறார். அடுத்த துல்கஅதாவில் உஸ்தாது காலமானார். படம் முற்றுப்பெறாமலே கிடந்தது. ஹிஜ்ரிக் கணக்கில் 40 ஆண்டுகள் கழிந்தபின், 1084 (1673) ரமலான் 14இல், தம் மகன் முஹம்மது நஸீராவின் விருப்பத்திற்காக அதனை நிறைவு செய்தார். உஸ்தாதின் முகம் இவ்வாறு மகனுக்கு அன்பளிப்பாயிற்று. இன்று அது அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உள்ளது.

எனினும் நம் நெஞ்சை அதிகம் உலுக்குவது, அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வரைந்த மற்றொரு படம். ஹிஜ்ரி 1082, நோன்புப் பெருநாள். புகாராவின் தூதர் ஷா சுலைமானுக்கு நன்கொடையாகப் புலியொன்றையும் காண்டாமிருகமொன்றையும் கொண்டுவந்திருந்தார். தர்வாஸே தௌலத் வாயிலருகே புலி திடீரெனப் பாய்ந்து, மளிகைக் கடைச் சிற்றாள் ஒருவனின் முகத்தில் பாதியைப் பிய்த்தெடுத்தது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன். ஒரு நாழிகைப் பொழுதில் உயிர் நீத்தான். முயீன் இதைக் கேள்விப்பட்டாரே அன்றி நேரில் காணவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

மன்னருக்கு மன்னர் அனுப்பிய நன்கொடை, ஒரு கடைப் பையனின் உயிரைக் கொண்டுபோயிற்று. அதனை வரையும்படி எந்தப் புரவலரும் பணித்திருக்கமாட்டார். பையனின் நினைவுக்காகவே வரைந்ததாக ஓவியர் கூறுகிறார். விரைந்து ஓடும் கோடுகள், மிகச் சிறிதளவே வண்ணம். அரசவை ஓவியத்தின் மெருகு அதில் இல்லை. கேட்ட செய்தியை மறக்குமுன் தாளில் இறக்கிவிடும் அவசரம் அதில் தெரிகிறது.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலுள்ள அத்தாளில் இன்னும் சில வரிகள் உள்ளன. ஷஃபான் பிற்பாதி தொடங்கி, அவர் எழுதிய ஷவ்வால் 8ஆம் நாள் வரை 18 முறை பனி பெய்தது. பனியை வாரி வாரி மக்கள் சலித்துப்போயினர். பண்டங்களின் விலை ஏறிற்று, விறகுக்கும் தட்டுப்பாடு. குளிரால் வெளியே செல்ல இயலாது வீட்டிலிருந்தபடி வரைந்ததாக முயீன் எழுதுகிறார். பையனின் பெயரை மட்டும் எழுதவில்லை.