நன்யாங் பல்கலைக்கழகமும் சீன இயல் படிப்பும்



சீனர்களின் மொழியையும் வரலாற்றையும் சமுதாய வாழ்வையும் பட்டப்படிப்பாகக் கற்க, நாம் வாழும் இவ்வட்டாரத்தில் வழி பிறந்தது எப்படி? அதனை இன்று காண்போம்.

1949ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. அங்கே போதனாமொழி ஆங்கிலம். ஆகவே, சீனப் பள்ளிகளில் படித்த மாணவர்களுக்கு அங்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. முன்பெல்லாம் அவர்கள் மேற்படிப்புக்குச் சீனாவுக்குப் போவார்கள். அதே ஆண்டில் அங்குப் பொதுவுடைமை ஆட்சி ஏற்பட்டது. அதன்பின் படிக்கப் போனவர்கள் மலாயாவுக்குத் திரும்பி வருவது கடினமாயிற்று.

இந்நிலையில், 1953 ஜனவரியில், ரப்பர் வணிகர் தான் லார்க் சாய், சீனமொழியில் போதிக்கும் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்றார். தாமே 50 இலட்சம் வெள்ளி தருவதாகவும் அறிவித்தார். சிங்கப்பூர் ஹொக்கியன் சங்கம் ஜூரோங் வட்டாரத்தில் 523 ஏக்கர் நிலம் வழங்கியது. செல்வர்கள் மட்டுமா கொடுத்தார்கள்? 1954இல் முச்சக்கர ரிக்‌ஷா ஓட்டியவர்களும் தங்கள் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்திராத மனிதர்கள் அவர்கள்!

1956 மார்ச்சில் நன்யாங் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கின. சீன இலக்கியம், வரலாறு ஆகியவற்றோடு அறிவியலும் வணிகவியலும் போதிக்கப்பட்டன. ஆனால், அதன் பட்டத்தை சிங்கப்பூர் அரசாங்கம் 1968இல்தான் அங்கீகரித்தது. அதுவரை பட்டதாரிகள் அரசாங்க வேலைக்குத் தவித்தனர். 1980இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அவ்விணைப்பில் பிறந்ததே.

கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்திலும் 1963இல் சீன இயல் துறை அமைந்தது. நமக்கும் இதுபோன்ற வரலாறு உண்டு. 1956இல் தொடங்கிய இந்திய இயல் துறைக்காக, 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். உழைப்பாளர் தந்த சிறு தொகைகளும் அதில் சேர்ந்தன.

சீன இயல் படிப்பவர், சீனர் ஏன் கடல் கடந்தனர், ஊர்ச் சங்கங்களும் குலச் சங்கங்களும் எப்படித் துணை நின்றன என்பனவற்றை ஆராய்கிறார். அக்கம்பக்கத்தாரை அறிய விரும்பும் தமிழ்ப் பிள்ளைக்கும் இது ஏற்ற படிப்பே.

பெற்றோர்களே, பிள்ளை எந்தத் துறையை விரும்பினாலும் தடுக்காதீர்கள். ஆனால் சேர்வதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: போதனாமொழி எது? பட்டத்திற்கு அங்கீகாரம் உண்டா? நன்யாங் மாணவர்கள் பட்ட துன்பம் நமக்குக் கற்றுத்தரும் பாடம் இதுவே.