புவிப்பொறியியலும் உமிழ்வுக் குறைப்பும்: இலங்கையின் தெரிவு

புவி வெப்பமடைவதற்கு இருவகை மருந்து சொல்லப்படுகிறது. காபன் உமிழ்வைக் குறைப்பது ஒன்று. வளிமண்டலத்திலோ கடலிலோ நேரே கைவைக்கும் புவிப்பொறியியல் மற்றது. முன்னதில் செலவு செய்பவருக்கு, பயன் எல்லோருக்கும்; அதனால் ஒவ்வொரு நாடும் அடுத்த நாடு தொடங்கட்டும் என்று பார்த்திருக்கும். பின்னதில், உயர்வானில் கந்தகத் துகள் தூவுவதை வசதியுள்ள ஒரு நாடு தனித்தே செய்துவிடலாம். 1991இல் பினாட்டுபோ எரிமலை வெடித்து உயர்வானில் கந்தகம் பரவியபின் உலக வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகை இறங்கியதை இம்முறைக்கு எடுத்துக்காட்டுவர். ஆனால் பருவமழை பிசகினால் பட்டினி கிடப்பவர், துகள் தூவியவராக இருக்கவேண்டியதில்லை.

சுற்றாடல் மாற்ற நுட்பங்களைப் போரில் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் இலங்கை 1978இலேயே சேர்ந்தது. எனினும் இத்தீவின் தெரிவு பெரும்பாலும் மின்சாரத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. மழை பொய்த்தால் நீர்மின்சாரம் குறையும். எண்ணெயும் நிலக்கரியும் எரியும். நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 முதல் 2014க்குள் 900 மெகாவாட்டாக வளர்ந்தது. இந்தியக் கூட்டுடன் சம்பூரில் திட்டமிடப்பட்ட 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2016 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. அதே மாதத்தில் பாரிஸ் உடன்படிக்கையை இலங்கை ஏற்புறுதி செய்தது.

2019 மார்ச் வரட்சியில் மின்வெட்டு வந்தது. வெள்ளவத்தைக் காலி வீதியிலே கடைக்குக் கடை ஜெனரேட்டர் இரைச்சல். அம்மாதம் 22ஆம் திகதி, தாய்லாந்து நிபுணர்களின் துணையுடன், விமானப்படையின் வை-12 விமானம் மவுசாகலை நீர்த்தேக்கப் பகுதி முகில்களில் இரசாயனம் தூவியது. மழை பெய்ததாக விமானப்படை அறிவித்தது. தூவாவிட்டாலும் அந்த மழை பெய்திருக்குமா என்பதை ஒருமுறை முயற்சியால் நிறுவ முடியாது. ஓரிடத்து வானிலையை மட்டும் தொடும் செயற்கை மழையைப் புவிப்பொறியியல் என்பதும் பொருந்தாது. இங்கே அது உமிழ்வுக் குறைப்புக்கு மாற்றாகவும் வரவில்லை: நீர்மின்சாரத்தைக் காக்கவே முகிலில் கைவைத்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் நைரோபியில் நடந்த ஐ.நா. சுற்றாடல் பேரவையில், புவிப்பொறியியலை ஆராயக் கோரிய சுவிற்சர்லாந்தின் தீர்மானம், அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் எதிர்த்ததால் மீளப்பெறப்பட்டிருந்தது.

2021இல் இலங்கை, 2030க்குள் பச்சைவீட்டு வாயுக்களை 14.5 வீதம் குறைப்பதாக உறுதியளித்தது. அதில் 4 வீதமே சொந்தப் பொறுப்பு. மிகுதி வெளியுதவி கிடைத்தால். சிறிய நாடொன்றின் பேரம் இப்படித்தான் அமையும். புதிய நிலக்கரி நிலையம் இல்லை என்பதும் அந்த உறுதிமொழியில் அடக்கம். சம்பூரில் இப்போது அமைவது 120 மெகாவாட் சூரிய மின் திட்டம். 2025 ஏப்ரல் 5 அன்று அதன் தொடக்கவிழா கொழும்பிலிருந்து காணொளி வழியாக நடந்தது.